மலையில் விழா என்றால்: நீலகிரி நிகழ்ச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஜெராக்ஸ், நோட்டீஸ் அச்சு என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கோவில் விழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ், சர்ச் பஜார், கண்காட்சி போஸ்டர் என்று எது வந்தாலும் ஒரு பிரதி கடைக் கண்ணாடியில் ஏறிவிடும். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே சில கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். தேதிகள் வருடா வருடம் மாறும் என்பதால் அவற்றைப் போடவில்லை. நோட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சீசன் சீசன்னு சொல்றாங்களே, அது எந்த மாசம்ண்ணா?"

ஏப்ரலும் மேயும் முதல் சீசன், செப்டம்பரும் அக்டோபரும் இரண்டாம் சீசன். இடையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஊற்றித் தள்ளும். அக்டோபர் கடைசியில் வடகிழக்கு மழை ஆரம்பித்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் எங்கள் முறை. இந்த இரண்டு மழைக்கும் தப்பிய நாட்களில்தான் மலையில் பந்தல் போட முடியும்.

ஆனால் இது சுற்றுலாக் கணக்கு. இங்கே இருப்பவர்கள் தங்களுக்காக நடத்தும் விழாக்கள் பெரும்பாலும் மார்கழி, தையில் வரும். புல்லில் உறைபனி படிந்திருக்கும், வெளியூர் வண்டி குறைவாக இருக்கும். மே மாதம் மட்டும் வந்து போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

"கோடை விழான்னா ஊட்டி மலர்க் கண்காட்சி ஒண்ணுதானே?"

இல்லை, அது வரிசையில் ஒன்று. பொதுவாக மே தொடக்கத்தில் கோத்தகிரி நேரு பூங்காவின் காய்கறிக் கண்காட்சியோடு ஆரம்பிக்கும். அப்புறம் கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கடைசிப் பகுதியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. இவற்றோடு படகுப் போட்டி, புகைப்படக் கண்காட்சி, நாய்க் கண்காட்சி என்று சேர்ந்துகொள்ளும்.

மலர்க் கண்காட்சிக்குத்தான் வயதும் பெருமையும் அதிகம். பூங்கா 1848-இல் தொடங்கியது, கண்காட்சி 1896 முதல் நடக்கிறது. கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருடமும் கூட்டம் இல்லாமல் போனது. குடும்பத்தோடு நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் நான் கோத்தகிரி காய்கறிக் கண்காட்சியைத்தான் சொல்வேன். பூங்கா சின்னது, பிள்ளைகள் தொலைய மாட்டார்கள், கேரட்டிலும் முட்டைக்கோஸிலும் செய்த உருவத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

"எந்த நாள் போனா நல்லா பாக்கலாம்?"

தொடக்க நாளன்று போகாதீர்கள். அமைச்சர்கள் வந்து ரிப்பன் வெட்டி, சுற்றிப் பார்த்து முடிக்கும் வரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். சனி, ஞாயிறும் வேண்டாம். நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ, கேட் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்புப் பக்கம் ஊர்ந்துதான் போக முடியும்.

தொட்டிச் செடிகள் கடைசி நாள் வரை தாக்குப்பிடிக்கும். மாடம் மாடமாக அடுக்கிய தொட்டிகளை எப்போது போனாலும் பார்க்கலாம். பறித்த பூவில் செய்த உருவங்கள் அப்படியில்லை, முதல் சில நாட்களில்தான் அழகு. பழத்துக்கு ஆயுள் அதைவிடக் குறைவு. சிம்ஸ் பூங்காவில் கம்பிச் சட்டத்தில் திராட்சையும் எலுமிச்சையும் கோத்து ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் திராட்சை சுருங்கி, சாறு கசிந்து, தேனீ சுற்ற ஆரம்பித்துவிடும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ரொம்பக் கிட்டே போகாதீர்கள்.

"திருப்பூர்ல இருந்து சொந்தக்காரங்க கார்ல வராங்க. இ-பாஸ் எடுக்கணுமா? எங்க வண்டிக்கும் வேணுமா?"

அவர்கள் எடுக்க வேண்டும், நீங்கள் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். டிஎன் 43 பதிவு எண் உள்ள உள்ளூர் வண்டிகளுக்குத் தேவையில்லை. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கும் தேவையில்லை. பாஸ் இலவசம், ஆன்லைனில் எடுக்க வேண்டும்.

கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வைத்தது. அதனால் கிளம்பும் அன்று காலையில் கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் தட்டினால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். விழாத் தேதி தெரிந்ததுமே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

"அப்போ பஸ்ஸுலயே வந்துடலாமா?"

வரலாம், நான் அதைத்தான் சொல்வேன். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைப் பர்லியாறு, குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக விடுவது வழக்கம். காரில் வந்தால் போகிற வழி உங்கள் கையில் இருக்காது. ஊட்டிக்குள் சுற்றிப் பார்க்க, சீசன் நாட்களில் போக்குவரத்துக் கழகம் சுற்றுப் பேருந்து விடுகிறது. ஒரு டிக்கெட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: மலையில் நிகழ்ச்சி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று கேட்பதைவிட, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது நல்லது. படுகர் என்னும் மலைச் சமூகத்தாரின் ஊர்களான ஹட்டிகளுக்கும் எஸ்டேட்களுக்கும் போகும் பஸ் இருட்டியதும் குறைந்துவிடும். ஆறரைக்கு ஆரம்பிக்கும் ஆண்டு விழாவில் எட்டு மணிக்குப் பாதிக் கூட்டம் எழுந்து போனால் நிகழ்ச்சி சரியில்லை என்று நினைக்காதீர்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

"மலை ரயில்ல வந்து விழா பாத்துட்டு அதுலயே திரும்பிடலாமா?"

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குச் சற்று மேல் கிளம்பும் ரயில் ஊட்டி சேர மதியம் ஆகிவிடும், அதே நாளில் இறங்குவதென்றால் அங்கே இருக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆன ரயில் அது. அதில் பயணமே ஒரு நிகழ்ச்சி, அதை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அடம்பிடித்தால் குன்னூர் முதல் ஊட்டி வரை மட்டும் வாருங்கள். கனமழையில் பாதையில் மண் சரிந்தால் ரத்தாகும், அதற்கும் தயாராக இருங்கள்.

"கைக்குழந்தையோட வரோம். என்னென்ன எடுத்துட்டு வரணும்?"

ஸ்வெட்டர், குல்லா, மாற்று உடுப்பு, குடை. மே மாதம்தானே என்று வெறும் பருத்திச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள். மதியம் வெயில் சுடும், நாலு மணிக்கு மூடுபனி இறங்கினால் அதே இடத்தில் குழந்தைக்குப் பல் கிட்டும். மருந்து, பால் பவுடர் எதுவானாலும் கீழே இருந்தே கொண்டுவருவது நல்லது. வளைவுகளில் குமட்டும் என்பதால் ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள்.

தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் தடை, ஐந்து லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலும் அதில் சேரும். சோதனைச் சாவடியில் பையைப் பார்ப்பார்கள், அபராதமும் உண்டு. வழியில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம்.

"பாட்டு, நடனம் எல்லாம் எங்க நடக்கும்? டிக்கெட் எவ்வளவு?"

கோடை விழா நாட்களில் பூங்காக்களுக்குள்ளேயே மேடை போட்டு கலை நிகழ்ச்சிகள் வைப்பார்கள். கரகாட்டம், நையாண்டி மேளம், பரதம் ஆகியவற்றோடு படுகர் நடனமும், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் நடனமும் இருக்கும். பூங்கா நுழைவுச் சீட்டு எடுத்திருந்தால் போதும். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் வெளி மாநிலக் குழுக்களை அனுப்பும் வருடங்களில் கூட்டம் இரட்டிப்பாகும்.

மேடையில் பார்க்கும் படுகர் நடனமும் ஊருக்குள் நடப்பதும் ஒன்றில்லை. மேடையில் பத்துப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து கை தட்டுவார்கள். ஹட்டியில் வட்டம் போடும்போது பள்ளிக்கூடப் பையனும் ஆடுவான், ஓய்வுபெற்ற தாத்தாவும் ஆடுவார், பாட்டு முடிய முடிய வட்டம் பெருகும். ஓரத்தில் நிற்கும் உங்களையும் கையைப் பிடித்து இழுத்தால் போய்விடுங்கள். அடி எளிதானதுதான், பக்கத்தில் ஆடுபவரின் காலைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பழைய நாளில் இந்த ஊர்களின் சடங்குகளுக்கு இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்கள்தான் குழலும் கொட்டும் வாசிப்பார்கள். இப்போது பல இடங்களில் கீபோர்டும் ஸ்பீக்கரும் வந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

"எங்க பொண்ணு பரதம் ஆடுவா. இந்த மேடையில வாய்ப்பு கிடைக்குமாண்ணா?"

வாய்ப்பு உண்டு, ஆனால் கண்காட்சி ஆரம்பித்த பிறகு வந்து கேட்டால் நடக்காது. நிகழ்ச்சி நிரலை மாவட்ட நிர்வாகம் முன்னதாகவே முடிவு செய்துவிடும். அவளுடைய ஆசிரியர் மூலமாக, படமும் ஆடிய விவரமும் வைத்து, பிப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பம் கொடுத்துவையுங்கள். தனியாக ஆடுவதைவிடக் குழுவாகப் போனால் எளிது.

கோடை விழா ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா இருக்கிறது. பள்ளி அளவில் ஆரம்பித்து மாநிலம் வரை போகலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றப் போட்டிகளும் உண்டு. மாவட்டக் கலை மன்றம் 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் விருதுக்குக் கலை இளமணி என்று பெயர். கேட்பவர்கள் குறைவு, அதனால்தான் சொல்கிறேன்.

"ஊட்டி மாரியம்மன் தேர் எப்போ? குடும்பத்தோட போகலாமா?"

பங்குனியில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும் விழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தின் உபயம். கன்னடம் பேசுபவர்கள் ஒரு நாள், மலையாளிகள் ஒரு நாள் என்று போய்க்கொண்டே இருக்கும், அன்றன்றைக்கு அவரவர் மேளமும் அலங்காரமும் வரும். ஊட்டியில் யார் யார் வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு மாதம் போதும்.

ஏப்ரலில் தேர். தேர் வரும்போது உப்பை அள்ளி வீசி வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம், கண்ணில் படாமல் குழந்தைகளைக் கொஞ்சம் பின்னால் நிறுத்துங்கள். நெரிசல் ஒத்துக்கொள்ளாதவர்கள் தேரை விட்டுவிட்டு ஏதாவது ஒரு உபய நாள் மாலையில் போகலாம்.

"ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு நாங்க, அதாவது படுகர் இல்லாதவங்க, போகலாமா?"

தாராளமாக. ஹெத்தை படுகர்களின் குலமுதல்வி, பாட்டி முறை. ஜனவரியை ஒட்டி வரும் அவள் விழாவில் கோத்தகிரி பக்கத்துப் பேரகணிக் கோவில் முக்கியமானது. விரதமிருந்த ஹெத்தைக்காரர்கள் குடையும் தடியுமாக ஊர் ஊராக நடந்து வருவார்கள். அவர்கள் வரும்போது வழி விட்டு ஒதுங்கி நில்லுங்கள். குறுக்கே போகாதீர்கள், தொடாதீர்கள்.

உடை விஷயம் பலர் கேட்கிறார்கள். படுகப் பெண்களும் ஆண்களும் வெள்ளையில் வருவார்கள். தேயிலைச் சரிவின் பச்சையில் அந்த வெள்ளை வரிசை இறங்கி வருவதைப் பார்ப்பதற்காகவே போகலாம். நீங்களும் வெள்ளையில் போனால் நல்லது, இல்லாவிட்டால் யாரும் துரத்த மாட்டார்கள். அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம். செருப்பை எங்கே விட வேண்டும், எதுவரை போகலாம் என்று அங்கே நிற்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். பேசுவது படுகு என்றாலும் எல்லோருக்கும் தமிழ் தெரியும்.

அன்னதானம் இருக்கும். சாப்பிடாமல் கிளம்பினால்தான் கோபம் வரும். மொய், அன்பளிப்பு எல்லாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை, மனமிருந்தால் உண்டியலில் போடுங்கள்.

"தோடர் விழாவைப் படம் எடுத்து ரீல்ஸ் போடலாமா?"

இங்கே பதில் கொஞ்சம் நீளம். மார்கழி வாக்கில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகை நடக்கும் (மந்து என்றால் தோடர் குடியிருப்பு). எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் வருவார்கள். கூம்பாக உயர்ந்து நிற்கும் மூன்போ கோவிலில் வழிபாடு ஆண்களுக்கு மட்டும். அப்புறம் கை கோத்து ஆட்டம், இளைஞர்கள் வழுவழுவென்ற உருண்டைக் கல்லைத் தூக்கும் போட்டி. பத்திரிகையில் வருடா வருடம் படம் வருகிறது என்பதால் யாரும் போய் எடுக்கலாம் என்று ஆகாது. அனுமதி கேட்டு, அவர்கள் சொன்ன தூரத்தில் நின்று எடுத்த படங்கள் அவை.

கேமராவை எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் பையில் வையுங்கள், ஜூம் செய்து திருட்டுத்தனமாக எடுக்காதீர்கள். டிரோன் கூடவே கூடாது. ஹெத்தை விழாவுக்கும் இதுதான். பூத்தையல் சால்வை போர்த்திய தோடர் பாட்டியோடு படம் எடுக்க ஆசையென்றால், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தையலை விலை கொடுத்து ஒன்று வாங்குங்கள், பேச்சு தானாக வளரும்.

"கிறிஸ்துமஸுக்கு சர்ச்ல பாட்டு கேக்க எல்லாரும் போகலாமா?"

போகலாம். டிசம்பரில் கேரல் பாடல் ஆராதனை பல தேவாலயங்களில் உண்டு. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் 1830-இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. மரக்கூரைக்குக் கீழே கூட்டுப் பாடல் கேட்பது தனி அனுபவம். போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். குளிர் நாட்களில் வெளியே வந்ததும் தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

"கொடைக்கானல்லயும் இதேதானா?"

ஏறக்குறைய. மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும், இ-பாஸ் அங்கேயும் உண்டு. ஆகஸ்ட் நடுவில் சலேத் மாதா ஆலயத் திருவிழா. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோவில் தேருக்குச் சுற்றுக் கிராமமெல்லாம் திரளும். குறிஞ்சி பூப்பதைப் பார்க்கத் திட்டம் என்றால் 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

"மழை வந்தா நிகழ்ச்சி ரத்தா? டிக்கெட் காசு திரும்ப வருமா?"

சாதாரணத் தூறலுக்கு எதுவும் நிற்காது. பெரிய மழைக்குக் கலை நிகழ்ச்சி நின்றாலும் கண்காட்சி திறந்திருக்கும், ஆகவே நுழைவுச் சீட்டுக் காசு வராது. ரெட் அலர்ட் கொடுத்தால் பூங்காக்களையே மூடிவிடுவார்கள். அன்று ஏறாமல் இருப்பதுதான் புத்தி, மரம் விழும், மண் சரியும்.

"எங்க ஊர் பொங்கல் விழாவுக்கு மைக் செட் ராத்திரி முழுக்கப் போடலாமா?"

முடியாது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருடத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், ஆனால் அதை நீங்களாக எடுத்துக்கொள்ள முடியாது. பகலில் போடுவதற்கும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்குங்கள். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போதே அதையும் முடித்துவிடுங்கள். கடைசி நாள் மாலையில் மனுவோடு ஓடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காடு ஒட்டிய ஊர் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. விழா முடிந்த இரவில் எண்ணெய், வாழைப்பழம், பாயசப் பாத்திரம் எதையும் கோவிலில் விடாதீர்கள், வாசம் பிடித்துக் கரடி வரும். கதவை உடைத்து, விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கதை எல்லா ஊரிலும் உண்டு. வீடு திரும்பும்போது டார்ச்சோடு கூட்டமாக நடங்கள். பாதையில் காட்டுமாடு நின்றால் கல்லெறியாமல், ஹாரன் அடிக்காமல், அது போகும் வரை காத்திருங்கள்.

"கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டிருக்காரே, பேங்க் இருக்குமா? பரீட்சை?"

மலர்க் கண்காட்சித் தொடக்கத்துக்கும் ஹெத்தை விழாவுக்கும் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அது பள்ளி, கல்லூரி, மாநில அரசு அலுவலகங்களுக்குத்தான். செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை இல்லை என்பதால் வங்கிகள் திறந்திருக்கும். கருவூலமும் குறைந்த ஆட்களோடு இயங்கும். அரசுத் தேர்வு இருந்தால் அது நடக்கும். விடுமுறைக்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை வேலைநாள் என்று அந்த உத்தரவிலேயே போட்டிருப்பார்கள், கடைசி வரி வரை படித்துப் பாருங்கள். தனியார் எஸ்டேட், ஃபேக்டரிகளில் அவரவர் நிர்வாகம் சொல்வதுதான். என் கடை அன்று மதியம் வரை திறந்திருக்கும்.